ஃபுட்டேஜ் என் கையில், சம்பளம் அவர் கையில்: ஒளிப்பதிவாளராக நினைக்கும் வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

ஈரோடு மாவட்டத்திலிருந்து 28 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

டிப்ளமோ முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மாதம் 28,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். முகூர்த்த நாட்களில் நண்பரின் ஸ்டுடியோவுக்காகக் கல்யாண வீடியோ எடுக்கிறார். ஒரு மண்டபத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே மணமகளின் பாட்டியை எடுத்திருக்கிறார். "நான் எடுத்ததை நானே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்" என்கிறார். ஒளிப்பதிவாளராக வேண்டும் என்ற ஆசை அங்கே பிடித்திருக்கிறது. ஒரு நண்பரின் குறும்படத்துக்குக் காசு வாங்காமல் வேலை செய்தார். அதே நண்பர் நகைக்கடை விளம்பரம் ஒன்றை இயக்கியபோது 60,000 ரூபாய் பேசிக் கூப்பிட்டிருக்கிறார். முன்பணமாக 15,000 வந்தது. பாக்கி 45,000 ஏழு மாதமாக வரவில்லை. இரண்டு நாள் படப்பிடிப்பில் இரண்டாம் நாள் எடுத்த காட்சிகள், அதாவது ஃபுட்டேஜ், இருக்கும் ஹார்ட் டிஸ்க் இவரிடம் இருக்கிறது. டிஸ்க்கை வாங்கிக் கொடுத்தது இயக்குநர். "டிஸ்க் வரவில்லை என்றால் போலீசில் திருட்டு கேஸ் கொடுப்பேன்" என்று இப்போது மிரட்டுகிறார்.

வாசகரின் கேள்விகள் இவை. எடுத்தது நான், அப்போது ஃபுட்டேஜ் என்னுடையதுதானே? டிஸ்க்கைப் பிடித்து வைக்கலாமா, அல்லது நகைக்கடை முதலாளியிடமே நேராகப் போய்க் காசு கேட்கலாமா? வேலையை விட்டுவிட்டு, அம்மாவின் நகையை வைத்து 6 லட்சத்துக்குக் கேமரா வாங்கலாமா? சினிமா சங்க கார்டு (உறுப்பினர் அட்டை) இல்லாமல் முழுநேரமாக இறங்க முடியாது என்று சொல்லி, 2 லட்சம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர், கொடுக்கலாமா? கடைசியாக ஒன்று: "இந்த ஒரு விஷயத்தில் எனக்கு சினிமாவே வெறுத்துவிடும் போலிருக்கிறது."

இனி உங்களிடமே பேசுகிறேன்.

வாயால் பேசியதும் ஒப்பந்தம்தான்

"அக்ரிமெண்ட் போடவில்லை, அதனால் என்னிடம் ஒன்றும் இல்லை" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நினைப்பை முதலில் விடுங்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தமும் செல்லும். நிரூபிப்பதுதான் சிரமம். உங்கள் விஷயத்தில் அதுகூடப் பெரிய சிரமம் இல்லை. "அறுபதுக்கு முடிச்சுக்கலாம்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு இருக்கிறது. ஜி-பேயில் 15,000 வந்த கணக்கு இருக்கிறது. இரண்டு நாள் கால்ஷீட் நேரமும் லொகேஷனும் போட்ட குரூப் இருக்கிறது. சம்பளமே பேசாத ஆளுக்கு யாரும் முன்பணம் அனுப்ப மாட்டார்கள்.

மின்னணுப் பதிவுகளை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தப் பதிவு வந்த போன் உங்களிடமே இருந்தால் வேலை சுலபம். அதனால் குரூப்பிலிருந்து வெளியேறாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள்.

"நண்பரிடம் பேப்பர் கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பாரோ" என்று தயங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் சம்பளப் பாக்கிக்காக வரும் கேமரா, எடிட்டிங் ஆட்களில் பெரும்பாலானோர் அப்படித் தயங்கியவர்கள்தான். முன்பின் தெரியாத கம்பெனியிடம் கறாராகப் பேசுவார்கள்; கூடவே டீ குடித்த ஆளிடம்தான் ஏமாந்திருப்பார்கள். பத்துப் பக்கப் பத்திரம் வேண்டாம். என்ன வேலை, எத்தனை நாள், ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம், அதைத் தாண்டினால் எவ்வளவு, பணம் எந்தெந்தக் கட்டத்தில் வரும், வாடகைக் கேமராவுக்கு யார் பொறுப்பு, டைட்டிலில் பெயர் எப்படி வரும் என்று ஒரு மெயில் போட்டு, "சரி" என்று பதில் வாங்கிவிட்டால் போதும். கடைசித் தவணையை "ஃபுட்டேஜ் ஒப்படைக்கும் அன்றே" என்று எழுதியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது.

இன்னொன்று. படப்பிடிப்பு முடிந்து பேக்கப் சொன்னதும் லைட்டெல்லாம் டெம்போவில் ஏறிக்கொண்டிருக்கும். எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஒரு வவுச்சரை நீட்டுவார். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தொகை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். அடியில் பொடி எழுத்தில் "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி ஏதும் இல்லை" என்று அச்சடித்திருக்கும். காலிக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கிய தொகையை நீங்களே எழுதி, அந்தப் பொடி எழுத்து வரியை அடித்துவிட்டு, "பாக்கி இவ்வளவு" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் முறைப்பார். முறைக்கட்டும்.

எடுத்தவருக்கே சொந்தமா?

இல்லை. இது உங்களுக்குக் கசக்கும், ஆனால் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்துக்கு அதை எடுத்தவரையே ஆசிரியராக, அதாவது படைப்பாளியாக வைக்கிறது. திரைப்படம், வீடியோ என்று வந்துவிட்டால் ஆசிரியர் தயாரிப்பாளர். அந்தப் படத்தை எடுக்க முன்கை எடுத்து, பொறுப்பேற்றுக்கொண்டவர் என்று சட்டம் அவரை விளக்குகிறது. போதாக்குறைக்கு 17-வது பிரிவு, ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன புகைப்படமோ படமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலில் அவருக்கே சொந்தம் என்கிறது. ஆக அந்த விளம்பரம் இயக்குநரின் நிறுவனத்துக்கோ நகைக்கடைக்கோ உரியது. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு இல்லை. ஒளி வைத்தது, ஃபிரேம் வைத்தது எல்லாம் நீங்கள்தான் என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் இன்றைய நிலை இதுதான்.

கல்யாண வீடியோவுக்கும் இதே கதைதான். காசு கொடுத்தவர்களுக்கு அது சொந்தம். அந்தப் பாட்டியின் குளோசப்பை இன்ஸ்டாகிராமில் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டாரைக் கேட்டு, எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கிவிடுங்கள். இனிமேல் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் போடும் மெயிலில், "படம் வெளியான பிறகு என் ஷோரீலில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி" என்று ஒரு வரி சேருங்கள். எடுத்ததில் நல்லதைத் தொகுத்த மாதிரி வீடியோதான் ஷோரீல்; அடுத்த வேலையை வாங்கித் தருவது அதுதான்.

டிஸ்க்கை என்ன செய்வது?

திருட்டு கேஸ் என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். டிஸ்க்கை வேலைக்காக உங்களிடம் கொடுத்தவரே அவர்தான். கூலி பாக்கி என்ற உண்மையான தகராறு இருக்கும்போது இது அடிப்படையில் சிவில் விவகாரம். அதற்காக ஸ்டேஷனிலிருந்து போன் வராது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. வந்தால், மேலே சொன்ன ஆதாரங்களின் நகலோடு போய், "சம்பளப் பாக்கி இருக்கிறது, டிஸ்க் பத்திரமாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுங்கள். அங்கே டிஸ்க்கைக் கொடுக்க வேண்டி வந்தால் எழுத்தில் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பிடித்து வைக்க உரிமை உண்டா என்பது சுவாரசியமான கேள்வி. ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, ஒருவர் தன்னிடம் ஒப்படைத்த பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்திருந்தால், கூலி வரும் வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அங்கே உதாரணமாகத் தரப்பட்டிருப்பது கோட் தைக்கத் துணி வாங்கிய தையல்காரர். காலி டிஸ்க்கைக் கொடுத்தார்கள், உங்கள் உழைப்பால் அது நிரம்பியது, எனவே இது பொருந்தும் என்று நான் வாதாடுவேன். எதிர்த் தரப்பு வக்கீலும் சும்மா இருக்க மாட்டார். டிஸ்க் வேறு, அதிலிருக்கும் படத்தின் உரிமை வேறு என்பார். விளம்பரம் தாமதமானதால் நஷ்டம் என்று உங்கள் மேலேயே ஒரு கணக்கையும் நீட்டுவார். அதனால் டிஸ்க்கைக் காலவரையில்லாமல் பூட்டி வைக்காதீர்கள். "பாக்கி 45,000 வந்த அன்றே ஒப்படைக்கத் தயார்" என்று எழுத்தில் சொல்லிவிட்டு வைத்திருங்கள். அப்போதுதான் மூன்றாவது ஆளின் கண்ணுக்கு உங்கள் பக்கம் சரியாகத் தெரியும்.

இரண்டு காரியத்தைக் கோபத்தில்கூடச் செய்யாதீர்கள். ஃபுட்டேஜை அழிப்பது ஒன்று, இணையத்தில் போடுவது இன்னொன்று. இதுவரை நீங்கள் பணம் வர வேண்டியவர். அழித்தால் கிரிமினல் வழக்குக்கு நீங்களே வழி செய்து கொடுத்தவர் ஆவீர்கள். நகைக்கடை முதலாளியிடமும் போக வேண்டாம். அவரோடு உங்களுக்கு ஒப்பந்தம் இல்லை. அவர் இயக்குநருக்கு முழுப் பணமும் கொடுத்திருக்கலாம். நீங்கள் போய் நிற்பது அவருக்குத் தொல்லை. உங்கள் வட்டாரத்தில் அந்தப் பேச்சு சீக்கிரம் பரவும்.

45,000-ஐ வாங்கும் வழி

வக்கீல் நோட்டீஸிலிருந்து தொடங்குங்கள். பாதிப் பேர் அதற்கே பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். வராவிட்டால் இந்தத் தொகைக்கு நேராக சிவில் வழக்குப் போடச் சொல்ல மாட்டேன், அலைச்சல் அதிகம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்க வழி உண்டு. நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே சமரசமாகி வரும் தீர்ப்பு சிவில் நீதிமன்ற டிக்ரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது. எதிர்த் தரப்பு சம்மதிக்காவிட்டால் அது நடக்காது என்பதுதான் குறை. வழக்குப் போட மூன்று ஆண்டு கால அவகாசம் இருக்கிறது, ஏழு மாதம்தான் போயிருக்கிறது.

செக் கொடுத்தால் வாங்குங்கள். திரும்பினால், வங்கியின் தகவல் கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். இந்தக் கெடு தவறி நல்ல கேஸ்களைக் கோட்டைவிட்டவர்கள் நிறைய.

இனி வரும் வேலைகளுக்கு ஒரு பாதுகாப்பு சொல்கிறேன். மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன, கவனம். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சேவை செய்பவர்களுக்கும் பொருந்தும். எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தப் பாதுகாப்பை நம்புவதானால் வேலை தொடங்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும். பழைய 45,000-க்கு இதை நம்ப வேண்டாம்.

வேலையும் கேமராவும்

முதலில், திருப்பூர் நிறுவனம் கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். வெளிவேலை செய்யக் கூடாது என்று ஒரு ஷரத்து பல ஆர்டர்களில் இருக்கும். இருந்தால் இப்போது நீங்கள் எடுக்கும் கல்யாண வீடியோவே பிரச்சினை ஆகலாம். ராஜினாமாவுக்கு எத்தனை நாள் நோட்டீஸ் என்பதும் அதிலேயே இருக்கும்.

6 லட்சத்துக்குக் கேமரா வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கேமரா இருந்தால்தான் ஒளிப்பதிவாளர் என்று நினைக்கிறீர்கள். சென்னையில் படமோ விளம்பரமோ எடுப்பவர்கள் கேமராவையும் லென்ஸையும் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். அந்த வாடகை தயாரிப்பின் செலவு, ஒளிப்பதிவாளரின் சம்பளம் தனி. சொந்தக் கேமராவோடு போனால் நடப்பதே வேறு. "கேமராவோடு சேர்த்து எவ்வளவு?" என்று கேட்பார்கள். ஒரே தொகை சொல்வீர்கள். அதில் வாடகை எவ்வளவு, உங்கள் வேலைக்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாமல் போகும். மூன்று வருடத்தில் புது மாடல் வந்து, உங்கள் கேமராவின் மதிப்போடு உங்கள் ரேட்டும் இறங்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இருக்காது. நகைக்கடன் வட்டி அந்த மாதங்களிலும் ஓடும்.

கடிதத்தில் "நகையை வைக்க அப்பா சம்மதித்துவிட்டார்" என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவின் நகை அம்மாவுக்குச் சொந்தம். சட்டப்படி அப்பாவின் சம்மதம் அங்கே கணக்கில் வராது. அம்மா என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையே?

வாடகைக்கு எடுக்கும்போதும் ஒரு எச்சரிக்கை. கடையில் சலானில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் கேமரா அசிஸ்டென்ட் அல்லது ஒளிப்பதிவாளர். லென்ஸ் கீழே விழுந்தால் சலானில் இருக்கும் பெயரைத்தான் தேடி வருவார்கள். தயாரிப்பு நிறுவனத்தின் பெயரில் சலான் போடச் சொல்லுங்கள், இன்சூரன்ஸ் உண்டா என்று கேளுங்கள்.

வேலையை இன்றே விட வேண்டாம், ஆனால் என்றைக்கும் விடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கியில் சேரட்டும். அதற்குள் லீவு போட்டாவது ஒரு நல்ல ஒளிப்பதிவாளரிடம் ஒரு ஷெட்யூல் அசிஸ்டென்டாக இருந்து பாருங்கள். பேட்டா மட்டும்தான் கிடைக்கும். விடியற்காலை நாலு மணிக்கு வண்டி வரும். அது பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். படிப்பைப் பொறுத்தவரை, புனே திரைப்படக் கல்லூரியின் மூன்றாண்டு ஒளிப்பதிவுப் படிப்புக்குப் பட்டம் வேண்டும், டிப்ளமோ போதாது. அங்கேயே குறுகிய காலப் பயிற்சிகளும் நடக்கின்றன. தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் வயது வரம்பை விசாரித்துக்கொள்ளுங்கள். கல்லூரி இல்லாவிட்டால் கதவு மூடிவிட்டது என்று இல்லை. ஒளிப்பதிவாளர் கே.வி. ஆனந்த் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து, 1985-ல் தனியாக ஒளிப்பதிவு செய்தவர்.

கார்டுக்கு 2 லட்சம்

கொடுக்காதீர்கள். பெரிய படங்களின் செட்டில் சங்க உறுப்பினர் அட்டை கேட்கும் நடைமுறை இருப்பது உண்மை. ஒளிப்பதிவாளர்களுக்கான சங்கம் சென்னையில் இருக்கிறது, பெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தோடு இணைந்தது. நேராக அங்கே போய் விதிகளையும் கட்டணத்தையும் கேளுங்கள், ரசீது தரும் இடத்தில் மட்டும் பணம் கட்டுங்கள். உங்களுக்கு இப்போது கிடைக்கக்கூடிய குறும்படம், கம்பெனி வீடியோ, கல்யாணம், ஆவணப்படம் எதற்கும் யாரும் கார்டு கேட்கப் போவதில்லை. சங்க விதிகளும் சட்டத்துக்கு மேலே இல்லை. மேக்கப் கலைஞராகப் பெண்களுக்கு அட்டை தர மறுத்த சங்க விதி செல்லாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வரி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளிப்பதிவு வேலைக்குத் தரும் சம்பளத்தில் பொதுவாக 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அது தொலைந்த பணம் இல்லை. ரிட்டர்ன் போட்டால் கணக்கில் வரும், கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்பவும் வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது.

வெறுத்துப் போவது பற்றி

இது என் தொழில் எல்லைக்கு வெளியே இருக்கும் கேள்வி, இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். உங்களுக்கு வெறுத்தது சினிமா இல்லை, ஏழு மாதமாகப் போன் எடுக்காத ஒரு ஆள்தான் என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. நாலு பக்கத்தில் ஒளியைப் பற்றி எழுதியது அந்தப் பாட்டி பகுதியிலும், கடைசியில் உங்கள் பெரியப்பாவின் குழித்தறி பற்றிய இடத்திலும்தான். காலையில் ஓட்டை ஓட்டின் வழியாக விழும் வெயில் ஒன்பது மணிக்குப் பாவு நூல் மேல் வந்து நிற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாம் பணம், டிஸ்க், மிரட்டல்.

அந்தத் தறியைப் படமாக எடுங்கள். யாரும் கூப்பிட்டு எடுக்க வேண்டாம், விடுமுறை நாளில் வாடகைக் கேமராவோ கையிலிருப்பதோ வைத்து எடுங்கள். பெரியப்பாவிடம் ஒரு தாளில் சம்மதம் வாங்குங்கள், உறவு என்றாலும். முன்கை எடுத்துப் பொறுப்பேற்பவரே தயாரிப்பாளர், தயாரிப்பாளரே ஆசிரியர் என்று மேலே சொன்னேன் அல்லவா? இந்தப் படத்துக்கு அது நீங்கள்தான். ஒவ்வொரு ஃபிரேமும் உங்களுக்குச் சொந்தம், ஷோரீலில் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. திரைப்பட விழாவுக்கு அனுப்பலாம், விற்கலாம், வைத்துக்கொள்ளலாம்.

நோட்டீஸ் விஷயத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரமே குரல் பதிவையும் ஜி-பே கணக்கையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் போட்டோ எடுங்கள். நோட்டீஸில் 15 நாள் அவகாசம் கொடுங்கள், பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணையும் அதிலேயே போட்டுவிடுங்கள். பணம் வந்தால் டிஸ்க்கை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.